கடற்கிடை: ஐஎம்டிஏ என்பதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். கடலில் மீன், பாசி, சிப்பி முதலியவற்றை ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகும்படி சேர்த்து வளர்ப்பதை ஐஎம்டிஏ என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கடற்கிடை' என்று நான் முன்வைத்த சொல்லைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இது பதில்.

> மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் பெயர் சூட்டுகிறீர்களே!

தூத்துக்குடி ஐயா சீண்டுவது நியாயந்தான். சேலத்துக்குக் கடல் வந்து சேர்வது ஐஸ் பெட்டியில். இருந்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எங்கள் மேட்டாங்காட்டுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

என் கைக்கு வந்த பயிற்சிக் கையேட்டில் 'இன்டகிரேட்டட் மல்டி-ட்ரோஃபிக் அக்வாகல்ச்சர்' (சுருக்கமாக ஐஎம்டிஏ) என்பதை 'ஒருங்கிணைந்த பல்லூட்டநிலை நீர்வாழ் உயிரின வளர்ப்பு' என்று யாரோ பெயர்த்திருக்கிறார்கள். பிழை என்று ஒன்றுமில்லை. பாம்பனில் கடற்பாசி வளர்க்கும் ஒரு பெண் இதை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. ஆங்கிலப் பெயரும் பிறவி அழகியல்ல. முன்பே புழக்கத்தில் இருந்த இரண்டு பெயர்களைச் சேர்த்து ஒட்டி, 2004இல் கனடாவில் தியரி ஷோபானும் ஜாக் டெய்லரும் வைத்தது. அவர்கள் போட்ட ஒட்டையும் சேர்த்து நாம் ஏன் பெயர்க்க வேண்டும்? செயலைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

செயல் இதுதான். கூண்டுக்குள் கடல்விராலோ கொடுவாவோ வளர்கிறது. இரை போடுகிறோம். தின்னாத இரையும் கழிவும் நீரில் கலக்கின்றன. மீனின் செவுள் வழியாக அம்மோனியா கரைந்து வெளியேறுகிறது. கூண்டைச் சுற்றி மூங்கில் மிதவைகளில் பாசியைக் கட்டிவைத்தால், அந்த அம்மோனியாவில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது எடுத்துக்கொள்கிறது. சிப்பி, மட்டி இருந்தால் மிதக்கும் துகள்களை வடித்துத் தின்னும். அடியில் படிவதைக் கடல் அட்டை தின்னும். அட்டையை யாழ்ப்பாணத்து அன்பர்கள் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். இங்கே 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை. பாக் விரிகுடாவோரம் முனைக்காட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல்விரால் கூண்டையும் பாசி மிதவைகளையும் சேர்த்துச் செய்துகாட்டியபோது, தனியே கட்டிய மிதவைகளைவிடக் கூண்டருகே கட்டியவை கூடுதலாக விளைந்தன.

இதைப் படித்ததும் எனக்கு ஆட்டுக்கிடைதான் கண்ணில் பட்டது. அறுப்பு முடிந்த நிலத்தில் இரவு ஆட்டை அடைத்து, மறுநாள் அடுத்த துண்டுக்கு மாற்றி, நிலம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழச் செய்வது. நிலக்காரர் ஆட்டுக்காரருக்குக் கூலி கொடுப்பது ஆட்டுக்காக அல்ல, எருவுக்காக. ஆகவே 'கடற்கிடை'. 'ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம்' என்பார்கள். மீன் எருவுக்கு வருடக் கணக்கே கிடையாது. கரைந்தே வருவதால் பாசி அன்றைக்கே எடுத்துக்கொள்ளும்; 45 நாளில் அறுப்புக்கு வரும் பயிர் அது. (அறுத்த பாசியிலிருந்தே துண்டு கிள்ளி அடுத்த விதையாகக் கட்டுகிறார்கள். எங்கள் மரவள்ளிக் குச்சி நினைவுக்கு வந்தது. அதைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம்.)

> 'கடல் ஊடுபயிர்' போதாதா? எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ஏற்காட்டு நண்பர் தம் தோட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறார். சில்வர் ஓக் மரம், அதன்மேல் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. அங்கே மூன்றும் இடத்தையும் நிழலையும் பங்கிட்டுக்கொள்கின்றன. மிளகின் கழிவைத் தின்று காப்பி வளர்வதில்லை. நமக்கு வேண்டிய பொருளின் உயிரே ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாவதில் இருக்கிறது. ஊடுபயிரில் அது விழவில்லை.

'கடற்பட்டி' என்றும் யோசித்தேன், எங்கள் பக்கம் பட்டி போடுவது என்ற வழக்கும் உண்டு என்பதால். ஆனால் சேலத்தில் பட்டி என்று முடிந்தால் அது ஊர்ப்பெயர். கடற்பட்டிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்பார்கள்.

> கிடை என்றால் கிடைமட்டம் என்றல்லவா தோன்றும்? இராமநாதபுரத்து மீனவருக்கு ஆட்டுக்கிடை எப்படித் தெரியும்?

முதல் கேள்விக்கு: கிடைக்கோடு வரைகிறவரும் கிடை போடுகிறவரும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பது அரிது. இரண்டாவது கேள்வி எனக்குச் சாதகம். கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்களான கீதாரிகளின் நாடே இராமநாதபுரமும் சிவகங்கையும்தானே. கரைக்குச் சற்று உள்ளே போனால் கிடை இருக்கிறது. அந்தக் கடற்கரைக்குச் சேலத்துச் சொல்லை நான் சுமந்து போகவில்லை.

என் சொல்லில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆட்டுக்கிடையில் எருவை இடம் மாற்றுகிறவர் மேய்ப்பர், கடலில் நீரோட்டம். ஓட்டம் திசை மாறினால் எரு போகும் பக்கமும் மாறும். ஆட்டுக்கிடையில் சிப்பிக்கும் அட்டைக்கும் இணையாக எதுவும் இல்லை. சாணத்தை உருட்டும் வண்டைச் சொல்லலாம், அது இழுவை. ஆனால் கிளைச்சொல் பிறக்கிறதா என்று பார்த்தால் பிறக்கிறது: கடற்கிடைப் பண்ணை, கிடைப்பாசி, கிடைச்சிப்பி. பாசி, சிப்பி போல நீரில் இருப்பதை எடுத்து வளரும் 'எக்ஸ்ட்ராக்டிவ்' இனங்களுக்குக் கையேட்டில் 'பிரித்தெடுக்கும் இனங்கள்' என்று இருக்கிறது, சுரங்கத்தில் வேலை செய்வதைப்போல. கரைந்ததை எடுக்கும் பாசிக்கு 'உறிஞ்சி', துகளை எடுக்கும் சிப்பிக்கு 'வடித்துண்ணி' என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இரை போட்டு வளர்ப்பதற்கு 'இரையூட்டு இனம்'. இதில் எனக்கு முழு நிறைவில்லை. இன்னும் சுருக்கமாக யாராவது தந்தால் மகிழ்வேன்.

மண்டபம் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாசி கட்டும் இடத்துக்குப் போகும்போது விளக்கம் எதுவும் சொல்லாமல் 'கடற்கிடை' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். என்னவென்று நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள். கையேட்டில் ஐஎம்டிஏவுக்கான சொல் 14 இடங்களில் வருகிறது. உங்கள் பதில் வரும்வரை எல்லா இடத்திலும் 'கடற்கிடை' என்று பென்சிலால்தான் எழுதிவைத்திருக்கிறேன்.