ஓடிபியும் வர வேண்டும், வீடியோ காலும் பேச வேண்டும்: வெளிநாட்டில் எந்த சிம்?

தூங்காநகரி:
முதல்முறையாக வெளிநாடு போகிறேன். துபாயில் விமானம் மாறி பாரிஸ், அங்கிருந்து ரயிலில் ஜெனீவா, கடைசியில் மிலான். ஆன்லைனில் ஒரு டிக்கெட் எடுத்தால்கூட வங்கி ஓடிபி என் இப்போதைய எண்ணுக்குத்தான் வரும். அம்மாவுக்கு வாட்ஸ்அப் வீடியோ காலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரு நாள் முகம் காட்டவில்லை என்றால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் பறக்கும். நம்ம சிம்மையே அங்குள்ள நெட்வொர்க்கில் ஓட்டும் ரோமிங் பேக் போடுவதா, அங்கே போய் சிம் வாங்குவதா, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் இ-சிம்மா? என் போனில் சிம் போட ஒரே இடம்தான் இருக்கிறது. இ-சிம் எடுக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரிச்சான்:
*#06# என்று டயல் செய்து பாருங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு, இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால் இ-சிம் எடுக்கும். இன்னொன்று, ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டிய போனா என்று பாருங்கள். பூட்டிய போனில் இ-சிம் உட்பட வேறு எதுவும் வேலை செய்யாது.

பெட்டிதூக்கி:
வேலை அப்படி, பாதி வாழ்க்கை விமான நிலையத்தில்தான் போகிறது. என் வழக்கம்: எண் ஒரு சிம்மில், இன்டர்நெட் இன்னொன்றில்.

சொந்த சிம்மைக் கழற்றாதீர்கள். கிளம்பும் முன்பே அதில் சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லிவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். டேட்டாவை அணைத்தால் ஓடிபி வராது என்று பலர் பயப்படுகிறார்கள். எஸ்எம்எஸ் வர டேட்டா தேவையில்லை, சிம் அங்குள்ள நெட்வொர்க்கைப் பிடித்தால் போதும். ஆனால் ரோமிங்கை இயக்காமலே போனால் சிம் எந்த நெட்வொர்க்கையும் பிடிக்காது, ஓடிபியும் வராது. உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அழைப்பு அப்படியல்ல, எடுத்தால் உங்கள் கணக்கில்தான் ஏறும். எடுக்காமல் விட்டாலும், அது வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பினால் சில நிறுவனங்கள் அழைப்பு வந்ததற்கும் திரும்பிப் போனதற்கும் சேர்த்துக் காசு பிடிக்கும். அதனால் கிளம்பும் முன் ##002# டயல் செய்து எல்லாக் கால் ஃபார்வர்டையும் ரத்து செய்துவிடுவேன்.

டேட்டாவுக்கு இ-சிம். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள்; இறங்கிய பிறகு ஏற்ற இன்டர்நெட்டுக்கு எங்கே போவீர்கள்? கியூஆர் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும், தவறிக்கூட அழித்துவிடாதீர்கள். அப்புறம் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம்: பயண இ-சிம்கள் பலவும் உள்ளூர் நெட்வொர்க்கில் ரோமிங்காகவே ஓடுகின்றன. அதனால் சொந்த சிம்மில் அணைத்த அதே டேட்டா ரோமிங்கை இ-சிம்மில் போட்டே ஆக வேண்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி சில போன்களில் உண்டு, அதையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பில் வந்த பிறகுதான் தெரியும்.

வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தூங்காநகரி:
நன்றி அண்ணா. பாரிஸில் ஒரு சிம் வாங்கி மூன்று ஊருக்கும் ஓட்ட முடியாதா? எல்லாம் ஐரோப்பாதானே?

பெட்டிதூக்கி:
மிலானுக்கு ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை என்ற விதி 2017 ஜூன் 15 முதல் இருக்கிறது, அளவு வரம்பு மட்டும் உண்டு. ஆனால் உங்கள் வழியில் சுவிட்சர்லாந்து வருகிறதே, அது ஒன்றியத்தில் இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாகவே அதையும் சேர்த்துக்கொள்கின்றன, பல சேர்ப்பதில்லை. சிம்மோ இ-சிம்மோ, நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டே வாங்குங்கள். 'ஐரோப்பா' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஜெனீவா எல்லையை ஒட்டிய ஊர். பிரான்ஸ் பக்கம் நிற்கும்போதே சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும், நெட்வொர்க் பெயரைக் கவனியுங்கள்.

நிழற்குடை:
நான் ரோமிங் பேக் கட்சி. ஒரு வாரப் பயணத்துக்கு இவ்வளவு செட்டிங்கைக் குடைய எனக்குப் பொறுமை இல்லை. பேக் பட்டியலில் மூன்று நாடும் இருந்தால் போட்டுவிட்டுக் கிளம்பலாம், ஒரே சிம், ஒரே பில். சீனா போனால் இதில் இன்னொரு வசதி: ரோமிங் டேட்டா வழக்கமாக சொந்த நிறுவனத்தின் வழியாகவே போவதால், அங்கே தடை செய்யப்பட்ட வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்கும். உள்ளூர் சிம்மில் திறக்காது.

ஒரு எச்சரிக்கை. சில விமானங்களில் உள்ளேயே மொபைல் நெட்வொர்க் இருக்கும். செயற்கைக்கோள் வழியாகப் போகும் அந்த இணைப்பு பெரும்பாலான பேக்குகளில் சேராது. ஏறியதும் ஃபிளைட் மோடு போட்டுவிடுங்கள்.

கரிச்சான்:
துபாயில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும். விமான நிலைய வைஃபையிலிருந்து கால் போகாது. அங்கே இணையவழி அழைப்புக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பாரிஸ் இறங்கிய பிறகுதான் வீடியோ கால் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தூங்காநகரி:
இஐடி காட்டுகிறது! சுவிட்சர்லாந்து சேர்ந்த இ-சிம்மாகவே எடுக்கிறேன். துபாய் விஷயத்தை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன், "அப்போ இறங்கினதும் போட்டோ அனுப்பு" என்கிறார்.