மாடல் ரயில்: போகியில் ஸ்க்ரூ போட்ட பிறகு ஐசிஎஃப் பெட்டி தடம் புரள்கிறது: உதவி தேவை

மண்டபம்_லூப்லைன்:
வணக்கம். எச்ஓ அளவு (1:87) மாடல் ரயிலுக்குப் புதுப் பாம்பன் பாலம் செஞ்சுக்கிட்டு இருக்கேன். தூக்குற பகுதி நிஜத்துல 72.5 மீட்டர், நம்மகிட்ட 83 செ.மீ. ஐசிஎஃப் (சென்னை பெரம்பூர் தொழிற்சாலை வகை) பெட்டிகள்ல போகியை, அதாவது அடியில இருக்குற சக்கரச் சட்டத்தை, ஒரு பிளாஸ்டிக் பின் மட்டும்தான் பிடிச்சிருந்துச்சு. பெட்டியக் கையில எடுத்தாலே போகி கீழ விழும். அதான் பின்னை வெட்டிட்டு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டேன். இப்ப விழல. ஆனா வளைவு ஆரம்பத்துலயும், தூக்குப் பகுதி சேர்ற இணைப்புலயும் தடம் புரளுது. ஸ்க்ரூவைத் தளர்த்துனா பெட்டி ஆடுது. வளைவு 24 அங்குல ஆரம்.

உச்சிப்புளி_எச்ஓ:
இழுக்கும்போதா, தள்ளும்போதா? சக்கரம் அடித்தட்டுல உரசுதா பாருங்க, உரசுனா அங்க கோடு விழுந்திருக்கும்.

மண்டபம்_லூப்லைன்:
கோடு இல்லண்ணே. இழுக்கும்போதே முன்போகியோட வெளிச்சக்கரம் தண்டவாளத்து மேல ஏறிடுது.

கீழக்கரை_மீட்டர்கேஜ்:
அப்ப இறுக்கம்தான் காரணம் தம்பி. ரெண்டு போகியும் பக்கவாட்டுல அசையாம இருந்தா, தண்டவாளம் ஒரு இடத்துல அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கும். வளைவுல அதுதான் ஏறும்.

ஒரு போகி திரும்ப மட்டும் செய்யணும், சாயக்கூடாது. ஸ்க்ரூவை முழுசா முடுக்கிட்டு, தாராளமா திரும்புற வரைக்கும் கால் சுத்து பின்வாங்குங்க. இன்னொரு போகிக்கு அரையிலேர்ந்து ஒரு சுத்து வரை விடுங்க. அது திரும்பவும் செய்யும், சாயவும் செய்யும். இப்ப பெட்டி முக்காலி மாதிரி மூணு இடத்துல உக்காரும், ஆடாது.

நிஜ ஐசிஎஃப் போகியில எடை நடு பிவட்ல (போகி திரும்புற மைய அச்சு) இறங்காது. 1600 மி.மீ. இடைவெளியில இருக்குற ரெண்டு பக்கத் தாங்கி மேலதான் பெட்டி நிக்கும். பிவட் இழுவைக்கு மட்டும். அதைப் பாத்துட்டு மாடல்ல ரெண்டு போகிக்கும் தாங்கி வைக்கணும்னு தோணும். வைக்காதீங்க. அங்க தண்டவாள மேடுபள்ளத்தை ஸ்பிரிங் வாங்கிக்குது, நம்ம போகியில ஸ்பிரிங் கிடையாது. இறுக்கமான போகிக்கு மட்டும் 18 மி.மீ. இடைவெளியில ரெண்டு மெல்லிய பட்டை ஒட்டுங்க, நல்லாப் பிடிக்கும்.

பழைய பின் துளையில நேரா ஸ்க்ரூ முடுக்கியிருந்தா அது சாய்வா நிக்கலாம். துளையை ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) குச்சி வச்சு ஒட்டி அடைச்சு, காஞ்சதும் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 (2 மி.மீ. ஸ்க்ரூ) டேப்பால மரை வெட்டுங்க. ஸ்க்ரூ பித்தளையா இருக்கட்டும். நம்ம உப்புக்காத்துக்கு இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்சு போகியை இறுக்கிடும். அளவு சரியானதும் மரையில ஒரு சொட்டு நெயில் பாலிஷ். திரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை) வேண்டாம், பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும்.

உச்சிப்புளி_எச்ஓ:
எடையும் பாருங்க. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கணக்குப்படி 245 மி.மீ. பெட்டிக்கு 165 கிராம் வாக்குல வரணும். எடையைத் தரைக்குப் பக்கத்துல வைங்க, கூரைக்கடியில வேண்டாம்.

மண்டபம்_லூப்லைன்:
ஒரு பெட்டிக்குச் செஞ்சு பாத்தேன். வளைவுலயும் இணைப்புலயும் அலுங்காம போகுது, ரொம்ப நன்றிண்ணே! போகிக்கும் பெட்டிக்கும் நடுவுல வாஷர் போட்டதுல கப்ளர் (பெட்டிகளை இணைக்கிற கொக்கி) கொஞ்சம் உயந்துடுச்சு. கப்ளர் போகியில இல்ல, பெட்டியோட உடம்புலதான் இருக்கு.

கீழக்கரை_மீட்டர்கேஜ்:
வாஷரை எடுத்துட்டுப் பாருங்க. சக்கரம் உரசலைன்னா வாஷரே தேவையில்லை. உரசுனா வாஷரை விட்டுட்டு, கப்ளர் இருக்குற சின்ன டப்பாவுக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல அதே தடிமன்ல ஸ்டைரீன் துண்டு வைங்க. கப்ளரைப் போகிக்கு மட்டும் மாத்திடாதீங்க. பின்னால தள்ளும்போது போகியைத் திருப்பி விட்டுடும்.

மண்டபம்_லூப்லைன்:
தளர்வான போகி எல்லாப் பெட்டியிலயும் ஒரே பக்கம் வரணுமா?

கீழக்கரை_மீட்டர்கேஜ்:
தேவையில்லை. எது தளர்வுன்னு அடியில ஒரு புள்ளி வச்சுக்கோங்க, கழட்டி மாட்டும்போது உதவும்.