அமெரிக்காவில் தேசியச் சமூகப் பணியாளர் சங்கத்தில் சேர்வதால் என்ன பயன்? மாநில உரிமத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பாலாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் பட்டம்) முடித்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். திருமணத்துக்குப் பிறகு டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் பகுதிக்கு வந்திருக்கிறேன். வேலை செய்வதற்கான அனுமதி அண்மையில் கைக்கு வந்துவிட்டதால், படித்த துறையிலேயே தொடர வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

கோயிலில் அறிமுகமான ஒருவர், முதலில் என்.ஏ.எஸ்.டபிள்யூ. எனப்படும் தேசியச் சமூகப் பணியாளர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் மற்றவை தாமாக நடக்கும் என்றார். இன்னொருவரோ, அது ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு இதழ் அனுப்பும் அமைப்பு, அதனால் வேலையும் கிடைக்காது, சம்பளமும் உயராது என்கிறார். நம் ஊரில் பட்டச் சான்றிதழைக் காட்டினால் போதுமானதாக இருந்தது. பதிவு, உரிமம், தேர்வு என்ற பேச்சே எழுந்ததில்லை. ஆகவே இந்தச் சங்கம் உண்மையில் என்ன வேலை செய்கிறது, அதில் சேர்வதற்கும் மாநில உரிமத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா, என்னைப் போல் வெளிநாட்டுப் பட்டத்துடன் வந்தவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஹூஸ்டன் மருதாணி

சகோதரி, கோயிலில் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வரிசையில் போனால் பணமும் காலமும் விரயமாகும். இங்கே நான்கு அமைப்புகள் நான்கு வேலைகளைச் செய்கின்றன. அவற்றின் பெயர்ச் சுருக்கங்கள் ஒன்றுபோலவே இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள்.

உரிமம் தருவது மாநில அரசு. டெக்சாஸில் நடத்தைநல நிர்வாகக் குழு என்ற அரசு அமைப்பும், அதன்கீழ் இயங்கும் சமூகப் பணித் தேர்வாளர் வாரியமும் அதைக் கவனிக்கின்றன. உரிமத்துக்கான தேர்வைத் தயாரிப்பது மாநில வாரியங்களின் கூட்டமைப்பான ஏ.எஸ்.டபிள்யூ.பி. கல்லூரிப் பாடத்திட்டங்களுக்கு அங்கீகாரம் அளிப்பது சமூகப் பணிக் கல்விக் குழுவான சி.எஸ்.டபிள்யூ.இ. நீங்கள் கேட்கும் என்.ஏ.எஸ்.டபிள்யூ. இந்த மூன்றிலும் சேராதது. சமூகப் பணியாளர்கள் தாமாக விரும்பிச் சேரும் தொழில்முறைச் சங்கம் அது. அதில் உறுப்பினராக இல்லாமலேயே உரிமம் பெற்று முழுப் பணிக்காலத்தையும் முடித்தவர்கள் ஏராளம். உறுப்பினர் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உரிமம் பெற்றதில்லை.

உங்கள் முதல் படி, சென்னைப் பட்டம் அமெரிக்க எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு இணையானதா என்று சி.எஸ்.டபிள்யூ.இ.யிடம் மதிப்பீடு பெறுவது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுவதற்கென்றே அவர்களிடம் தனிப் பிரிவு இருக்கிறது. மதிப்பெண் பட்டியலைவிடக் களப்பணி ஆவணங்கள்தான் நம்மவர்களுக்குத் தலைவலி தரும். இங்கே முதுகலைப் படிப்புக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி வேண்டும். நாமும் வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, கடைசியில் பிளாக் பிளேஸ்மென்ட் (தொடர்ச்சியான முழுநேரக் களப்பணி) என்று அதற்குக் குறையாமல் செய்திருப்போம். ஆனால் எந்த நிறுவனத்தில், யாருடைய மேற்பார்வையில், எத்தனை மணி நேரம் என்பது நம் சான்றிதழ்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. கல்லூரித் துறைத்தலைவரிடம் அதை இப்போதே கடிதமாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலத்துப் பேராசிரியர்கள் ஓய்வுபெற்றுவிட்டால் அந்தக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

மதிப்பீடு கிடைத்தபின் மாநில வாரியத்துக்கு விண்ணப்பித்து, முதுகலை நிலைத் தேர்வை எழுதினால் எல்.எம்.எஸ்.டபிள்யூ. உரிமம் பெறலாம். மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் மையங்களிலும் பல வேலைகளுக்கு அதுவே போதும். தனியாக உளநல ஆலோசனை வழங்கும் எல்.சி.எஸ்.டபிள்யூ. நிலைக்குப் போக வேண்டுமென்றால், டெக்சாஸில் குறைந்தது 24 மாதங்களில் 3,000 மணி நேரம் மேற்பார்வையின்கீழ் பணிபுரிந்து, இன்னொரு தேர்வும் எழுத வேண்டும்.

சங்கம் இந்தப் பயணத்தில் எங்கே உதவும் என்றால், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, நெறிமுறைச் சிக்கல்களில் உறுப்பினர்களுக்கு ஆலோசனை, உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்வி வகுப்புகள் ஆகியவற்றில். எனக்கு மேற்பார்வையாளர் கிடைத்ததும் டெக்சாஸ் கிளையின் கூட்டமொன்றில்தான். அந்த ஒரு பயனுக்காகவே சந்தா தகும் என்பது என் கருத்து; மற்றவர்கள் உடன்படாமல் போகலாம்.

காகிதப்பூ

மேலே எழுதியவர் நடைமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "சந்தா வாங்கிக்கொண்டு இதழ் அனுப்பும் அமைப்பு" என்ற குறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். சங்கத்தின் முக்கிய வேலை ஓர் உறுப்பினரின் கண்ணுக்கு நேராகத் தெரிவதில்லை என்பதால், இந்த மதிப்பீடு பலரிடம் இருக்கிறது.

இச்சங்கம் 1955இல் ஏழு அமைப்புகள் ஒன்றாக இணைந்து உருவானது. மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள், பள்ளிச் சமூகப் பணியாளர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள், குழுப்பணியாளர்கள் என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனிச் சங்கம் வைத்திருந்த காலம் அது. ஏழும் ஒன்றானபின் அடுத்த பெரிய வேலையாக 1960இல் நெறிமுறைக் கோவையை ஏற்றார்கள். "நான்" என்று தன்மையில் எழுதப்பட்ட 14 உறுதிமொழிகள், ஒரே பக்கத்தில் அடங்கின. இன்று அது நீண்ட ஆவணமாக வளர்ந்துவிட்டது. 1996இல் ஏறக்குறைய புதிதாகவே எழுதப்பட்டது, 2017இல் தொழில்நுட்பம் சார்ந்த விதிகள் சேர்ந்தன, 2021இல் பணியாளர் தம்மையும் கவனித்துக்கொள்ள வேண்டியதன் தேவை இடம்பெற்றது. பல மாநில வாரியங்கள் தம் நடத்தை விதிகளை எழுதும்போது இந்தக் கோவையைப் பின்பற்றுகின்றன. கல்லூரிகள் அனைத்தும் அதைப் பாடமாக நடத்துகின்றன. ஆகவே சங்கத்தில் சேராதவரும் அதன் வாசகத்துக்குக் கட்டுப்பட்டே பணிபுரிகிறார்.

நீதிமன்றத்தில் அதன் பங்கு இன்னும் சுவையானது. 1991இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெண் காவல் அதிகாரி பணியின்போது ஒருவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவரின் குடும்பம் வழக்குத் தொடுத்தது. சம்பவத்துக்குப்பின் அந்த அதிகாரி எல்.சி.எஸ்.டபிள்யூ. போன்ற உளநல உரிமம் பெற்ற ஒரு சமூகப் பணியாளரிடம் உளநல ஆலோசனை பெற்றுவந்தார். அந்த அமர்வுகளின் குறிப்புகளைத் தர வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்க, நீதிபதி உத்தரவிட்டும் இருவரும் மறுத்தார்கள். மறுத்ததை அதிகாரிக்கு எதிராகக் கருதிக்கொள்ளலாம் என்று ஜூரிக்குச் சொல்லப்பட்டது. குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனபோது, மனநல மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் உள்ள இரகசியக் காப்பு சமூகப் பணியாளருக்கும் உண்டா என்பது பெரிய கேள்வியாக எழுந்தது. என்.ஏ.எஸ்.டபிள்யூ. அதில் நீதிமன்ற நண்பராக, அதாவது வழக்கின் தரப்பாக இல்லாமல் கருத்துரைக்கும் அமைப்பாக, தன் வாதத்தை எழுத்துவடிவில் அளித்தது. 1996 ஜூனில் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் என்ற அவ்வழக்கில் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், கூட்டாட்சி நீதிமன்றங்களில் அந்தப் பாதுகாப்பு சமூகப் பணியாளருக்கும் உண்டு என்று தீர்ப்பானது. ஏழை மக்கள் பலர் உளநல உதவிக்கு மருத்துவரை அணுக முடியாமல் சமூகப் பணியாளரிடமே வருகிறார்கள் என்பதையும் பெரும்பான்மைத் தீர்ப்பு கணக்கில் கொண்டது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்காலியா, சமூகப் பணியாளரின் பயிற்சியை மனநல மருத்துவரின் பயிற்சியோடு ஒப்பிட முடியுமா என்றே ஐயுற்றார். நாளை நீங்கள் ஓர் அறையில் கதவைச் சாத்திவிட்டு ஒருவரின் துயரத்தைக் கேட்கும்போது, அவர் நம்பிப் பேசுவதற்குப் பின்னால் அந்த வழக்கும் இருக்கிறது.

உங்கள் மாநிலத்திலேயே ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2020 அக்டோபர் 12 அன்று, ஆளுநர் அலுவலகத்தின் பரிந்துரைப்படி, டெக்சாஸ் சமூகப் பணியாளர்களின் நடத்தை விதிகளிலிருந்து மாற்றுத்திறன், பாலீர்ப்பு, பாலின அடையாளம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்பை நீக்கினார்கள். மூலச் சட்டத்தின் வாசகத்தோடு விதியைப் பொருத்துவதற்காக என்பது சொல்லப்பட்ட காரணம். சங்கத்தின் டெக்சாஸ் கிளை வெளிப்படையாக எதிர்த்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. அதே மாதம் 27ஆம் தேதி நடத்தைநல நிர்வாகக் குழு ஒருமனதாக விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. அரசு வாரியம் தன்னைத் தானே எதிர்த்து மனுப்போட முடியாது; அதற்கு வெளியிலிருந்து கேட்கும் ஓர் அமைப்பு தேவைப்படுகிறது.

நேர்கோடு

காகிதப்பூ ஐயா எழுதியவை உண்மையே. ஆயினும் கேள்வி கேட்டவருக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும்.

முதலாவது, சம்பளம். இது தொழிற்சங்கம் இல்லை. உங்களுக்காக எந்த மருத்துவமனை நிர்வாகத்தோடும் அமர்ந்து ஊதிய ஒப்பந்தம் பேசாது. அதைச் செய்வன எஸ்.இ.ஐ.யு. போன்ற தொழிற்சங்கங்கள், அதுவும் அவை இருக்கும் இடங்களில் மட்டும். சட்டமன்ற அளவில் சங்கம் முயல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் முதியோருக்கான மெடிகேர் திட்டம், உளவியலாளருக்கு 100 டாலர் தரும் இடத்தில் எல்.சி.எஸ்.டபிள்யூ. நிலையிலுள்ள சமூகப் பணியாளருக்கு 75 டாலர்தான் தருகிறது. அந்த விகிதத்தை மாற்றச் சங்கம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது, இன்னும் மாறவில்லை.

இரண்டாவது, தேர்வு. 2022 ஆகஸ்டில் ஏ.எஸ்.டபிள்யூ.பி. தன் தேர்ச்சி விகிதங்களை இனவாரியாக வெளியிட்டபோது, மருத்துவ நிலைத் தேர்வில் (எல்.சி.எஸ்.டபிள்யூ. உரிமத்துக்கானது) முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் வெள்ளையரில் ஏறக்குறைய 84 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 45 விழுக்காடு என்று தெரியவந்தது. இரு தரப்பினரும் படித்தவை ஒரே அங்கீகாரம் பெற்ற படிப்புகளே. 2023 தொடக்கத்தில் என்.ஏ.எஸ்.டபிள்யூ. அத்தேர்வுகளை எதிர்ப்பதாக அறிவித்தது. ஆனால் மாநிலந்தோறும் உரிமச் சட்டம் வேண்டும் என்று பல பதிற்றாண்டுகள் பாடுபட்டதும் இதே சங்கம். அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை தேர்வையே வாயிலாக வைத்தன. புள்ளிவிவரம் அச்சில் வந்தபிறகு எழுந்த எதிர்ப்பை நான் பெரிதாகப் பாராட்ட மாட்டேன். இல்லினாய் மாநிலம் அதற்கு முன்பே, மருத்துவ நிலைக்குக் கீழுள்ள உரிமத்துக்குத் தேர்வு தேவையில்லை என்று முடிவு செய்திருந்தது.

மூன்றாவதாக, நெறிமுறை மீறல் பற்றி உறுப்பினர்மீது புகார் வந்தால் சங்கம் விசாரிக்கலாம், கண்டிக்கலாம், நீக்கலாம். உரிமத்தில் கைவைக்க அதற்கு அதிகாரம் இல்லை. உறுப்பினராக இல்லாதவர்மீது அந்த விசாரணையும் இல்லை.

இவ்வளவும் சொன்னாலும் நான் உறுப்பினராகத்தான் இருக்கிறேன். உள்ளே இருந்தால்தான் பேராளர் தேர்தலில் வாக்களிக்கலாம்.

மதுரைக்காரன்

ஒரு சிறு குறிப்பு. நம் ஊரில் பதிவு, உரிமம் என்ற பேச்சே எழுந்ததில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்முறைகள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவச் சமூகப் பணியாளர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆகவே மருத்துவமனைப் பணியைப் பொறுத்தவரை இந்தியாவிலும் பதிவேடு என்ற திசையில்தான் நகர்கிறோம். மற்ற களங்களில் நிலைமை நீங்கள் விட்டுச்சென்றபடியேதான். இளஞ்சிறார் நீதிச் சட்டத்தைப் பாருங்கள்: நீதிக்குழுமத்தில் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்கிறது, ஆனால் அவர்களுக்கான தகுதியைச் சொல்லும் பிரிவில், குழந்தைகள் நலனில் ஏழாண்டு ஈடுபாடோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒரு பட்டமோ கேட்கிறதே தவிர, சமூகப் பணிப் பட்டத்தைக் குறிப்பிடவே இல்லை! சட்டமுன்வடிவு தயாராகும் வேளையில் வரிக்கு வரி படித்துத் திருத்தம் கேட்கும் வலிமையான தேசியச் சங்கம் நமக்கு இருந்திருந்தால் இந்த விடுபடல் நேர்ந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பாலாற்றங்கரை

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. களப்பணி விவரம் கேட்டுக் கல்லூரிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். உரிமம் கைக்கு வந்தபின் சங்கத்தில் சேர்வதாக முடிவு செய்திருக்கிறேன்.

நெறிமுறைக் கோவை தொடர்பாக இன்னும் ஓர் ஐயம். இங்கே தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தமிழ்ப் பள்ளி, ஒரே கோயில், ஒரே வாட்ஸ்அப் குழு என்று இருக்கிறோம். நாளை மருத்துவமனையில் நான் பார்க்கும் நோயாளியின் மகளும் என் மகனும் ஒரே வகுப்பில் இருக்கலாம். அவர்கள் என்னை அக்கா என்று அழைத்து வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? ஊரில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

ஹூஸ்டன் மருதாணி

இது இங்குள்ள தமிழ்ப் பணியாளர்கள் எல்லோரும் சந்திப்பது. நெறிமுறைக் கோவை "இரட்டை உறவு" என்று குறிப்பிடுவது இதைத்தான். நம்மிடம் உதவி பெறுபவரைச் சுரண்டவோ அவருக்குத் தீங்கு நேரவோ வாய்ப்பிருந்தால் அத்தகைய உறவைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில், தெளிவான எல்லைகளை வகுத்து அவரைப் பாதுகாக்கும் பொறுப்பு நம்முடையது என்கிறது. தமிழ்ப் பள்ளியை விட்டு விலகுங்கள் என்று எங்கும் சொல்லவில்லை. 2017இல் சேர்ந்த வாசகங்களில் நமக்கென்றே எழுதியதுபோல் ஒன்று உண்டு: மொழி, இனம், சமயம் சார்ந்த இணையக் குழுக்களில் நாம் இருப்பது, சிலரோடு திறம்படப் பணிபுரிவதைப் பாதிக்கலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்கிறது அது. உதவி பெறுபவர்களின் நட்பு அழைப்பைச் சமூக ஊடகத்தில் ஏற்பதையும், தக்க காரணமின்றி அவர்களைப் பற்றி இணையத்தில் துழாவுவதையும் தவிர்க்கச் சொல்கிறது.

நான் செய்வது இதுதான். தெரிந்த குடும்பம் என்றால் முதல் சந்திப்பிலேயே, வெளியில் பார்த்தால் நீங்களாகப் பேசாதவரை நான் பேச மாட்டேன், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிடுவேன். நம்மவர்களிடம் இதைச் சொல்லாமல் விட்டால் "பார்த்தும் பார்க்காதமாதிரி போகிறாள்" என்று வருத்தப்படுவார்கள். நெருங்கிய பழக்கம் என்றால் மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, அவர்களை வேறு பணியாளரிடம் ஒப்படைத்துவிடுவேன். காதுகுத்து, வளைகாப்பு போன்ற அழைப்புகள் வந்தால் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், மேற்பார்வையாளரோடு பேசி, எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் கோப்பில் எழுதி வைப்பது நல்லது. அதற்கும் விடை தெரியாத சிக்கல் வந்தால் சங்கத்தின் நெறிமுறை ஆலோசனைப் பிரிவை அணுகலாம். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு நிலைமையை மட்டும் சொல்லிக் கேளுங்கள்.