ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்பது சரியா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தேர்தல் பணி ஆசிரியர்:
அட்டை கேட்பதே ஏழைகளைத் தடுக்கத்தான் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் ஒரு சாவடியில் தலைமை அலுவலராக இருந்தபோது மதியத்துக்கு மேல் ஒரு அம்மா வந்தார். கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது, விரலில் மை இல்லை, ஆனால் பட்டியலில் அவர் பெயருக்கு, ஓட்டுப் போட்டாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு போட்டாயிற்று. காலைக் கூட்டத்தில் அவர் பெயரில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள், ஏஜெண்டுகள் "தெரிஞ்சவங்கதான் சார், விடுங்க" என்று சொல்ல, பட்டியலில் பெயர் பார்க்கும் முதல் அலுவலர் அட்டையைப் பார்க்காமலே விட்டிருக்கிறார். தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதிப்படி அந்த அம்மாவுக்கு டெண்டர் ஓட்டு, அதாவது தன் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போனால் உண்மையான வாக்காளருக்குத் தரும் ஓட்டுச் சீட்டு, கொடுத்தேன். அதை இயந்திரத்தில் போட முடியாது, சீட்டில் முத்திரை குத்தி உறையில் வைக்க வேண்டும். "இதையும் எண்ணுவீங்களா?" என்றார். வழக்கு நடந்து நீதிமன்றம் சொன்னால்தான் என்றேன். அப்புறம் எதுக்கு இது என்று கோபப்பட்டார், அந்தக் கோபம் முழுக்க நியாயம்.

வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பாஸ்புக் என்று எத்தனையோ காட்டலாம். இத்தனை வழி இருக்கும்போது கேட்பது தவறே இல்லை. பூத் சிலிப் மட்டும் போதாது, 2019லிருந்து அதை அடையாளமாக ஏற்பதில்லை.

இங்கிலாந்துத் தமிழன்:
சார், எதையெல்லாம் ஏற்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் எங்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. 2023 மே உள்ளாட்சித் தேர்தல் வரைக்கும் பெயரும் முகவரியும் சொன்னால் போதும், அந்தத் தேர்தலில்தான் இங்கே முதல்முறையாகப் போட்டோ அடையாளம் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் கல்லூரி அட்டையை நீட்டினான், செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள். 60 வயது தாண்டியவர்களின் லண்டன் பயண அட்டை பட்டியலில் உண்டு, மாணவர்களின் பயண அட்டை கிடையாது, இது என்ன நியாயம்? அந்தத் தேர்தலில் இப்படி ஓட்டுப் போடாமலே போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று இங்குள்ள தேர்தல் ஆணையமே சொன்னது. அடையாளம் இல்லாதவர்களுக்கு இலவச வாக்காளர் சான்றிதழ் தருகிறார்கள்தான், ஆனால் ஆறு வேலை நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2024 மே மாதம் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சனே அடையாளம் கொண்டு வராமல் திரும்பிப் போய், அப்புறம் எடுத்து வந்து போட்டார். இரண்டு வேலைக்கு நடுவில் ஓடி வருகிறவருக்கு அந்த இரண்டாவது நடை முடியுமா?

பேரன்:
எங்கள் பாட்டியின் அட்டையில் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தது, ஏஜெண்ட் ஒருவர் விடக்கூடாது என்று நின்றார். ஆள் இவர்தான் என்று தெரிந்தால் எழுத்துப்பிழையைப் பார்க்கக் கூடாது என்பது ஆணையத்தின் உத்தரவு, ஆளே வேறு என்கிறீர்கள் என்றால் இரண்டு ரூபாய் கட்டி முறைப்படி ஆட்சேபணை (சேலஞ்ச்) பண்ணுங்கள் என்று அதிகாரி சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார். பாட்டி ஓட்டுப் போட்டார். ஆசிரியர் சார், இதையெல்லாம் பயிற்சியில் எல்லா அலுவலர்களுக்கும் சொல்லித் தருகிறார்களா?