புதுக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடம் தேடிப் போன அனுபவம்

பயிற்சி, பள்ளிப் பார்வை என்று புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கச் சுற்றுகிற வேலை எனக்கு. ஆணையில் கல்வி மாவட்டம், அன்னவாசல் ஒன்றியம் என்று அழகாகப் போட்டிருப்பார்கள், ஆனால் பேருந்தை விட்டு இறங்கி அதைச் சொல்லி வழி கேட்டால் ஒருத்தருக்கும் விளங்காது. கல்வி மாவட்டம் முன்பு புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று இருந்தது, 2018 சீரமைப்பில் இலுப்பூரும் சேர்ந்தது, அதெல்லாம் சம்பளப் பட்டியலுக்குத்தான் உதவும். ஊர்க்காரர்களுக்கு மலையும் கண்மாயும் கோயிலும்தான் கணக்கு. குடுமியான்மலைப் பக்கம் வழி கேட்டால் அண்ணா பண்ணையை வைத்துச் சொல்வார்கள், நார்த்தாமலைப் பக்கம் என்றால் மாரியம்மன் கோயிலை வைத்து. அதிலும் புதுப்பட்டி, மேட்டுப்பட்டி என்று ஒரே பெயரில் எத்தனை ஊர்! எங்களோடு வந்த ஒருவர் புதுப்பட்டி என்று மட்டும் போட்டிருந்த கடிதத்தை நம்பி வேறொரு புதுப்பட்டிக்குப் போய், அங்கிருந்த தலைமையாசிரியரிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மறக்க முடியாத ஆள் என்றால் அன்னவாசல் பக்கத்துச் சத்துணவு அமைப்பாளர் ஒருவர்தான். மினிபஸ் வரவில்லை, வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து மணி அடித்து நிறுத்தி, “நடந்தா போறீங்க? கேரியர்ல உட்காருங்க டீச்சர்” என்றார். பார் வைத்த பெரிய ஆண்கள் சைக்கிள், ஐம்பதைத் தாண்டிய அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில்கூட இறங்காமல் மிதிக்கிறார். எப்போது பழகினீர்கள் என்று கேட்டதும் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் கதை வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். “லேடீஸ் சைக்கிள் எங்க கெடச்சுச்சு, அண்ணன் சைக்கிள்லதான் விழுந்து எந்திரிச்சேன். பார்ல புள்ளய உட்கார வச்சுக்கலாம்னு அப்புறம் இதுவே பிடிச்சுப்போச்சு” என்றார். குவாரியில் கல் உடைத்த பெண்களும் அப்போது கூடவே பழகினார்களாம். அந்த இயக்கத்தைப் பற்றி எவ்வளவோ பேச்சு கேட்டிருக்கிறேன், கேரியரில் உட்கார்ந்து கேட்டது மாதிரி எதுவும் இல்லை.

சித்தன்னவாசலுக்குப் பிள்ளைகளோடு போனது இன்னொன்று. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்தான், ஆனால் பாதிப் பேர் அதுவரை உள்ளே போனதே இல்லை, அந்த வழியாகப் பேருந்தில் போனதோடு சரி. பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் கூரையில் தாமரைக் குளம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். நிறம் நிறையப் போய்விட்டது, ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஓவியம். கருவறைக்குள் ஒரு பையனை நிறுத்தி ‘ம்ம்ம்’ என்று முனகச் சொன்னார் காவலர். அறையே சேர்ந்து முனகியது, அதற்கப்புறம் அவனை வெளியே கொண்டுவர முடியவில்லை. மலை மேல் ஏழடிப்பட்டம் என்கிற குகையில் வழுவழுவென்று கல் படுக்கைகள், தலையணையோடு. சமண முனிவர்கள் இருந்த இடம், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கிறது. வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள்.

அறந்தாங்கிப் பக்கம் வேலை என்றால் ஆவுடையார்கோயிலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அங்கே கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பைப் பார்த்தால் மரச்சட்டமும் ஆணியும் கல்லில்தான் செதுக்கியிருக்கிறார்கள் என்று சட்டென்று நம்ப முடியாது. பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது இதைப்போல வேலை மட்டும் கேட்காதே என்று விலக்கி எழுதுவார்களாம். அதற்குக் கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடலோரம் போகிறவர்கள் திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.