ஒரு கிறிஸ்தவச் சபை ஆரோக்கியமாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

தாமிரபரணி:
அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஏழு வாரம் ஆகிறது. சென்னையில் நாங்கள் போகிற சபை பெரியது. ஞாயிறு காலையில் மூன்று ஆராதனை. பிந்திப் போனால் உட்கார இடம் கிடைக்காது. இந்த ஏழு வாரத்தில் அங்கிருந்து வந்தது ஒரே ஒரு குறுஞ்செய்திதான்: இந்த மாதத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, இன்னும் வந்து சேரவில்லை என்று. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா ஒரு ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை என்றால், மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் கோயில்பிள்ளை வாசலில் வந்து நிற்பார். "ஐயாவைக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார். மணி அடிக்கிற அவருக்கு யார் எந்தப் பெஞ்சில் உட்காருவார் என்பது மனப்பாடம். ஒருவர் வராமல் போனால் எத்தனை நாளில் தெரியவருகிறது, அதுதான் சபைக்கு நாடி பார்க்கிற இடம் என்பேன். பாட்டும் பிரசங்கமும் அதற்குப் பிறகுதான்.

வேதமாணவன்:
சகோதரி, அப்பாவுக்காக ஜெபிக்கிறேன். அந்தக் குறுஞ்செய்தி வெட்கக்கேடு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் உங்கள் அளவுகோலை ஏற்க முடியவில்லை. நல்ல பக்கத்து வீட்டுக்காரரும் காணோமே என்று தேடி வருவார். சபையைச் சபையாக்குவது உபதேசம். எருசலேம் சபை எவற்றில் உறுதியாக நின்றது என்று சொல்லும்போது அப்போஸ்தலர் 2:42 உபதேசத்தை முதலில் வைக்கிறது. அந்நியோந்நியம் அடுத்துத்தான் வருகிறது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அந்தப் பழக்கம் அற்றுப்போன சபையில் பாசம் எவ்வளவு இருந்து என்ன? நாளைக்கே ஒருவர் வந்து காணிக்கை போட்டால் நோய் தீரும், கடன் தீரும் என்றால் சபை முழுவதும் அவர் பின்னால் போய்விடும். அப்படிப் போய் நகையை அடகு வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: பெரிய சபைகளில் வீட்டு ஜெபக்குழுக்கள் உண்டே, நீங்கள் ஒன்றில் சேர்ந்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, வியாதிக்காரர் வீட்டில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. ஏழு வாரத்தில் குழுவல்லவா அவர்களைத் தேடிப் போயிருக்க வேண்டும்?

பல ஊர்ச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் பன்னிரண்டு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். உபதேசமும் விசாரிப்பும் நன்றாக இருந்த சபைகள் பணத்தில் நாறிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் நான் போகிற சபையில் முதலில் அறிவிப்புப் பலகையைத்தான் பார்ப்பேன். போன மாத வரவுசெலவு ஒட்டியிருக்கிறதா? கொரிந்துவில் சேர்ந்த தர்மப் பணத்தை எருசலேமுக்குக் கொண்டுபோகப் பவுல் தன்னோடு வேறு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். ஒருவரும் குற்றஞ்சாட்ட இடம் வைக்கக்கூடாது என்பதற்காக. கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது என்றால் நம் கமிட்டி எம்மாத்திரம்?

எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவான நாளிலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அப்படிப்பட்ட ஜனங்களின் காணிக்கையை நம்பித்தான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது: நம் ஆட்கள், நம் பணம். அந்தப் பிடி அரிசியின் கணக்கை மறைக்கிற சபையை ஆரோக்கியமானது என்று நான் எப்படிச் சொல்வேன்?

பெத்தானியா:
ஊர்ச் சபை ஊர்ச் சபை என்கிறீர்கள். என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்ச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். முன்பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் நற்கருணை வாங்கித் திரும்பும்வரை அவள் எழுந்திருக்கவே மாட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் வா என்று கூப்பிடவும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, கடைசியாகப் போவாள். சாதி வேற்றுமையைச் சபையில் அறவே விட்டுவிட வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டது 1833இல். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைத்தான் விட்டார்கள், சாதியை விடவில்லை. கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சுவர் நின்றது. உபதேசம் அங்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது, வேதமாணவன் அண்ணா.

அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தோடு நிற்காமல் 6ஐயும் படியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குப் பந்தியில் கவனிப்பு இல்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். சபையார் கூடிச் சாப்பிடுகிற நம் அசனப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் யார், கமிட்டியில் உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள். சபைக்கு அதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. தாமிரபரணி அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோயில்பிள்ளை எல்லாத் தெருவுக்கும் போனாரா?

வேதமாணவன்:
பெத்தானியா, அங்கே உபதேசம் சரியாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தினவனுக்குப் பாதபடி என்று வைப்பதை யாக்கோபு கண்டிக்கிறாரே, அதைப் பிரசங்கத்தில் தொடாமல் விட்டவர்கள்தான் அவர்கள். அரைகுறை உபதேசத்துக்கு மருந்து முழு உபதேசம். என் நிலையில் மாற்றமில்லை.

ஆனால் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது இரவு முழுவதும் உறுத்தியது. நான் நடத்துகிற வீட்டு ஜெபக்குழுவின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு பெயர். அதில் இரண்டு பேர் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஒருவருடைய வீடு எந்தத் தெரு என்பதும் தெரியவில்லை. வேலை முடிந்ததும் விசாரித்துக்கொண்டு போகிறேன்.

தாமிரபரணி:
பெத்தானியா, கோபம் இல்லை. எனக்குப் பதில் தெரியாததால் அப்பாவிடமே கேட்டேன். பேச்சு இன்னும் குழறுகிறது. "கோயில்பிள்ளை கீழத்தெருவுக்கும் போய்க் கேட்பாரா அப்பா?" என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையைத் தூக்கி, இல்லை என்று அசைத்தார்.