மெல்ட்டுக்கு ‘இலைக்கரைவு’ன்னு வெச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். மீன் தொட்டி செடிங்களோட இலை திடீர்னு கொழஞ்சு போறத மெல்ட்னு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ல ‘உருகல்’னு ஒருத்தர் சொன்னதுல இருந்து மனசு கேக்கல, அதான் கொஞ்சம் நீளமா எழுதறேன். வெண்ணெய் உருகும், மெழுகு உருகும், அதுக்கெல்லாம் சூடு வேணும். கிரிப்டோகோரைன்ங்கற தொட்டி செடியோட இலை, நட்ட நாலஞ்சு நாள்ல கண்ணாடி மாதிரி ஆகி, கைபட்டா கொழகொழன்னு தண்ணியோட போயிடுது. நம்ம பேச்சுல இது கரையறது. அதனால என் யோசனை இலைக்கரைவு.

ஆனா எனக்கு பெரிய கவலை உருகல் இல்ல, ‘அழுகல்’. பெரம்பூர்ல எங்க அக்கா பையன் கொளத்தூர் மீன் கடைங்களுக்குப் போய் ஆறு சின்ன சட்டி வென்டிட்டி (கிரிப்டோகோரைன்ல ஒரு வகை) வாங்கியாந்து நட்டான், ஒரு வாரத்துல இலை பூரா போச்சு, யார்கிட்டயோ கேட்டிருக்கான், அழுகிடுச்சு தூக்கிப் போடுன்னுட்டாங்க. குப்பைக் கூடைல இருந்து எடுத்துப் பார்த்தா கிழங்கு கல்லு மாதிரி கெட்டியா இருக்கு! என் தொட்டில நட்டேன், மூணு வாரத்துல குருத்து வந்துடுச்சு. தப்பான வார்த்தையால நல்ல செடி ஆறும் குப்பைக்குப் போக இருந்துச்சு.

நர்சரில இந்த செடிங்கள இலை தண்ணிக்கு வெளிய இருக்கற மாதிரிதான் பெரும்பாலும் வளக்கறாங்க. அந்த இலைக்கு தண்ணிக்குள்ள பிழைக்கத் தெரியாது, செடி அத விட்டுட்டு கிழங்குல இருந்து வேற இலை விடுது. நெல் நாத்து பிடுங்கி நட்டா கொஞ்ச நாள் சோந்து நின்னு அப்புறம் பச்சை பிடிக்குமே, கிட்டத்தட்ட அதுதான். அதனால முதல்ல நடவுக்கரைவுன்னு வெக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா நம்ம ஏரியால கோடைல மெட்ரோ வாட்டர் நின்னு திடீர்னு போர் தண்ணிக்கு மாத்தினா, ரெண்டு வருஷமா வேர் பிடிச்ச செடியும் கரையுது, அங்க நடவே இல்லயே. பொதுப்பேர் இலைக்கரைவாவே இருக்கட்டும்.

அழுகல்ங்கற வார்த்தைய கிழங்குக்கு மட்டும் வெச்சுக்கணும். அனுபியாஸ்ங்கற இன்னொரு தொட்டி செடியோட கிழங்குத் தண்டை மண்ணுல புதைச்சா கொழகொழன்னு ஆகி நாத்தம் வரும், அது நிஜ அழுகல், வெட்டி எறியணும். இலை போய் கிழங்கு கெட்டியா இருந்தா கரைவு, கிழங்கே போனா அழுகல். இன்னொரு விஷயம், கிரிப்டோகோரைன் நமக்கு அந்நியமே இல்ல, அதுல ஒரு வகைதான் நாட்டு மருந்துக் கடை நாட்டு அதிவிடயம், அங்கயும் கிழங்குதான் மருந்து.

பாசிப் பிரச்சனையும் இங்கதான் ஆரம்பிக்குது. கரைஞ்ச இலைய அப்படியே விட்டா அமோனியா ஏறும், வேலை செய்யற இலையும் இல்லாததால சத்தை பாசி எடுத்துக்கும், ஜனங்க உடனே பாசி மருந்து ஊத்துவாங்க, அதுல காப்பர் இருந்தா இறால் செத்துடும். கரையற இலைய கத்தரிச்சு எடுத்துட்டு, வாரம் முப்பது சதம் தண்ணி மாத்தி, லைட்ட ஆறு மணி நேரத்தோட நிறுத்தினா போதும், கிழங்க மட்டும் பிடுங்கிப் பிடுங்கிப் பாக்கக் கூடாது.

அடுத்து, வெளிய வளந்த இலைக்கும் உள்ள வளந்த இலைக்கும் ஒரு ஜோடி வார்த்தை வேணும். கரையிலை, நீரிலைன்னு யோசிச்சேன், ஆனா கரையிலைய வேகமா சொன்னா ‘கரையல’ன்னு காதுல விழுது, கரைவப் பத்தி பேசும்போது இது பெரிய குழப்பம். காற்றிலை, நீரிலை எப்படி இருக்கு, சொல்லுங்க.